படத்துக்குப் பின்னால் ஒரு பெயர்: ராமநாதபுரம் கரையில் இருந்துகொண்டு சுயாதீன ஓவியம், காமிக்ஸ், படப்பொருட்களைத் தேட ஒரு முழுமையான வழிகாட்டி

ராமநாதபுரத்தில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. ஆதார் நகல், ஹால் டிக்கெட், பத்திரம், பயோடேட்டா என்று நாள் ஓடிவிடும். சில வருடங்களுக்கு முன் ஒரு ஐப்பசி மழையில், பாம்பன் பக்கத்திலிருந்து ஒரு கல்லூரிப் பிள்ளை வந்தாள். பாலிதீன் கவரைத் துடைத்துவிட்டு உள்ளேயிருந்த பதினாறு சின்னத் தாள்களை மேஜையில் அடுக்கினாள். "அண்ணே, இதை மடிச்சா புத்தகம் மாதிரி வரணும். இருபது காப்பி."

அது ஒரு காமிக்ஸ். அவளுடைய அம்மாச்சி கடலில் பாசி எடுக்கப் போகிற ஒரு காலைப்பொழுது. வசனம் ரொம்பக் குறைவு. ஒரு பக்கம் முழுக்க இரண்டு கைகள் மட்டும்தான். பாறை கிழிக்காமல் இருக்க விரல் விரலாகத் துணி சுற்றுகிறார் அம்மாச்சி. ஐந்தாவது கட்டத்தில், கை இரண்டும் மாட்டிக்கொண்டதால் முடிச்சைப் பல்லால் இழுத்து இறுக்குகிறார். பாம்பன் கரையில் நான் எத்தனையோ முறை கடந்துபோன காட்சி. அந்த முடிச்சை அன்றுதான் பார்த்தேன்.

"இது மாதிரி வேற யாரெல்லாம் வரையுறாங்க?" என்று கேட்டேன். அவள் சொன்ன பெயர்களை ஒரு பில்லின் பின்பக்கம் எழுதிக்கொண்டேன். அங்கிருந்து ஆரம்பித்த தேடல் இது. இப்போது கடைக்கு வருகிறவர்கள் என்னிடம் அதே கேள்வியைக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் நின்று சொல்வதைவிட முழுதாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதல் படி: எதைத் தேடுகிறோம்

சுயாதீன ஓவியர் என்றால், என்ன வரைவது, எப்படி அச்சிடுவது, என்ன விலை வைப்பது என்பதைத் தானே முடிவு செய்கிறவர். உரிமையும் அவரிடமே இருக்கும். அவர் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கலாம், பத்திரிகைக்கும் வரையலாம். இரவில் உட்கார்ந்து தனக்காகச் செய்கிற வேலைதான் நமக்கு வேண்டியது.

அது மூன்று உருவத்தில் கைக்கு வரும். சுவரில் மாட்டுகிற அச்சுப்படம், கதை சொல்லும் காமிக்ஸ், புழங்குகிற பொருள். பொருள் என்றால் அஞ்சலட்டை, ஸ்டிக்கர், துணிப்பை, பனியன், நாட்காட்டி, நோட்டு எல்லாம் சேர்த்தி. வெளியுலகத்தில் 'ஜீன்' (zine) என்று சொல்லும் சின்னப் படப்புத்தகம் நமக்கு ஒன்றும் புதிதில்லை. கல்லூரியிலும் ஊர் மன்றத்திலும் கையெழுத்துப் பத்திரிகை நடத்திய தலைமுறை நம்முடையது. பத்துப் பிரதி போட்டுப் பழகியவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

இரண்டாம் படி: போனை எடுக்கும் முன் கண்ணைப் பழக்குங்கள்

இதற்கு ஒரு அரை நாள் ஒதுக்கச் சொல்கிறேன். ராமநாதபுரத்திலேயே இருக்கிறது ராமலிங்க விலாசம், சேதுபதி மன்னர்களின் அரண்மனை. மாநிலத் தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்கிறது. சுவர் முழுக்க 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்த ஓவியங்கள். தஞ்சை மராத்தியருடன் நடந்த போர், ஐரோப்பியரைச் சந்திக்கும் சேதுபதி, அம்மனிடமிருந்து மன்னர் செங்கோல் பெறுவது, ராமாயணக் காட்சிகள், அந்தப்புரம். இவற்றைத் தனித்தனிப் படமாகப் பார்க்காமல் பட்டை பட்டையாக, இடமிருந்து வலமாகப் படித்துப் பாருங்கள். ஒரு கட்டம் முடிந்து அடுத்தது தொடங்கும். இன்னார் இவர் என்று எழுத்துக் குறிப்பும் இருக்கும். காமிக்ஸ் படிக்கிற முறை இதுதான். முந்நூறு வருடங்களுக்கு முன்பே நம் ஊர்ச் சுவரில் இருந்திருக்கிறது.

மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். கூட்டத்தில் மன்னர் எப்படித் தனியாகத் தெரிகிறார்? ஆள் பெரிதாக இருப்பதாலா, நிறத்தாலா, மற்றவர்கள் திரும்பியிருக்கிற திசையாலா? இரண்டாவது, ஒரு காட்சி எங்கே முடிகிறது? மூன்றாவது, எங்கே கோடு தயங்கியிருக்கிறது, எங்கே ஓடியிருக்கிறது? இந்த மூன்று கேள்வியும் பிறகு எந்த ஓவியரின் பக்கத்தைப் பார்த்தாலும் உதவும். படத்தில் இருக்கிறவர்களுக்குக் குறிப்பு எழுதியிருக்கும் அந்தச் சுவரில், வரைந்தவரின் பெயர் எங்காவது தென்படுமா என்று நான் இரண்டு முறை போய்த் தேடினேன். கண்ணில் படவில்லை. பெயர் தேடும் பழக்கம் எனக்கு அங்கேதான் வந்தது.

அடுத்து வீட்டுச் சுவர். பழைய சாமிக் காலண்டர் இருந்தால் கீழ் மூலையைப் பாருங்கள், ஒரு கையெழுத்து இருக்கும். நாடகத்துக்குத் திரை எழுதிய கோவில்பட்டி கொண்டையராஜு (1898–1976) சாமிப் படங்கள் வரைந்தார். சிவகாசியில் அச்சாகி அவை வீடு வீடாகப் போயின. அவரும் அவருடைய சீடர்களும் வரைந்த முருகனையும் லட்சுமியையும்தான் இன்றைக்கும் நாம் கண்ணை மூடினால் பார்க்கிறோம். அந்தக் கையெழுத்தை எத்தனை பேர் படித்திருப்போம்?

சாயங்காலம் மண்டபம், பாம்பன் பக்கம் போனால் படகுகளைப் பாருங்கள். பெயர் எழுதியிருக்கிற எழுத்தின் வளைவு, முகப்பில் வரைந்த கண், மாதா, பிறை, வேல். இதையும் ஒரு கை எழுதியிருக்கிறது. விசாரித்தால் "நம்ம பெயின்டர்தான்" என்று ஆளைக் காட்டுவார்கள். நான் பார்த்தவரையில், நம் கரையின் முதல் சுயாதீன ஓவியர்கள் இவர்கள்தான்.

மூன்றாம் படி: பெயர்ப் பட்டியல் ஒன்று போடுங்கள்

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். நூலகத்துக்குப் போங்கள். ராமநாதபுரம் மாவட்ட மைய நூலகம் என்றில்லை, உங்கள் ஊர்க் கிளை நூலகமே போதும். தமிழ்க் கவிதை, சிறுகதைத் தொகுப்புகளில் தலைப்புப் பக்கத்துக்குப் பின்பக்கம் சின்ன எழுத்தில் 'அட்டை ஓவியம்', 'உள்ளோவியங்கள்', 'அட்டை வடிவமைப்பு' என்று இருக்கும். அந்தப் பெயரை எழுதுங்கள். பத்துப் புத்தகம் பார்த்தால் நான்கைந்து பெயர் திரும்பத் திரும்ப வரும். அந்த நான்கைந்து பேரிடமிருந்துதான் வலை விரியும்.

சிறுபத்திரிகைகளின் பழைய அட்டைகளை விட்டுவிடாதீர்கள். கே.எம். ஆதிமூலம் (1938–2008) போன்றவர்கள் அங்கே கோட்டையும் தமிழ் எழுத்தையும் ஒன்றாக்கி விளையாடியிருக்கிறார்கள். ட்ராட்ஸ்கி மருதுவின் கோடு அந்த வழியில் தனி வேகம் கொண்டது. வாரப் பத்திரிகைப் பக்கம் போனால் கோபுலு (1924–2015). வசனமே இல்லாமல் சிரிக்க வைக்கும் அவருடைய தொடர் சித்திரங்களைப் பார்த்தால், ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் நடுவில் எவ்வளவு விட்டுவிடலாம் என்பது புரியும். 'அம்புலிமாமா'வில் விக்கிரமனும் வேதாளமும் வரைந்த சங்கர், அதாவது கே.சி. சிவசங்கரன், 2020ல்தான் மறைந்தார். இவர்களெல்லாம் இன்றைய இளைய ஓவியர்களின் கைக்குள் இருக்கிறார்கள். முன்னோரைத் தெரிந்தால் பேரப்பிள்ளைகளை அடையாளம் காண்பது சுலபம்.

அப்புறம் சிறுவர் புத்தகம். பெரியவர்கள் இந்த அலமாரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள், அங்கேதான் நல்ல ஓவியர்கள் நிறைய இருக்கிறார்கள். சென்னையின் தூலிகா பதிப்பகம் தமிழிலும் இருமொழியிலும் படப்புத்தகம் போடுகிறது. தாரா புக்ஸ் 1994ல் தொடங்கியது. கையால் செய்த தாளில், திரை அச்சில் (ஸ்கிரீன் பிரின்டிங்), கையால் தைத்த புத்தகங்கள் அவர்களுடைய தனி அடையாளம். கோண்டு, வார்லி போன்ற பழங்குடி ஓவியர்களின் பெயர் அங்கே அட்டையில் எழுத்தாளருக்குச் சமமாக இருக்கும். காசு செலவில்லாமல் பார்க்க வேண்டுமென்றால் பிரதம் புக்ஸ் 2015ல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளம் இருக்கிறது. ஆயிரக்கணக்கான படக்கதைகள், தமிழிலும். ஒவ்வொன்றிலும் ஓவியர் பெயரைத் தட்டினால் அவர் வரைந்த மற்றவை வரிசையாக வரும். பேருந்தில் போகிற நேரத்துக்கு இது ஒன்றே போதும்.

அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் பையைத் திறந்து பாருங்கள். வாசிப்பு இயக்கத்தின் நுழை, நட, ஓடு, பற வரிசைச் சிறு புத்தகங்களில் தமிழ்நாட்டு ஓவியர்கள் வரைந்திருக்கிறார்கள். பெயரும் போட்டிருக்கும்.

நான்காம் படி: போனில் தேடும் முறை

சும்மா 'அழகான ஓவியம்' என்று தேடினால் குப்பைதான் வரும். நோட்டில் இருக்கும் பெயர்களை ஒவ்வொன்றாக இன்ஸ்டாகிராமில் தேடுங்கள். ஒருவர் கிடைத்ததும் அவர் யாரைத் தொடர்கிறார் என்ற பட்டியலைத் திறங்கள். பின்தொடர்பவர் கூட்டத்தை விட்டுவிடுங்கள். ஓவியருக்குத்தான் ஓவியரைத் தெரியும். அந்தப் பட்டியலில் இருபது பேரைப் பார்த்தால் மூன்று பேர் பிடித்துப்போவார்கள். அந்த மூன்று பேரின் பட்டியலுக்குப் போங்கள். இரண்டு மூன்று ராத்திரியில் கேரளம், வங்கம், மணிப்பூர் வரைக்கும் போய்விடலாம்.

பிடித்த படத்தைத் திரைப்பிடிப்பு எடுத்து கேலரியில் போட்டால் பெயர் தொலைந்துபோகும். அதனால் செயலிக்குள்ளேயே சேமியுங்கள். நான் 'கோடு', 'நிறம்', 'கடல்', 'சிரிப்பு' என்று நான்கு பெட்டி வைத்திருக்கிறேன். ஒரு மாதம் கழித்துத் திறந்து பார்த்தால் நம் ருசி நமக்கே தெரியும். எனக்கு நிறத்தைவிடக் கறுப்பு மைக் கோடு பிடிக்கிறது என்று அப்படித்தான் தெரிந்தது.

இன்ஸ்டாகிராமோடு நிற்க வேண்டாம். ஓவியர்களும் வடிவமைப்பாளர்களும் தங்கள் வேலைகளை வைக்கும் பிஹான்ஸ் தளத்தில் ஒரு வேலை எப்படி உருவானது என்று படிப்படியாகப் போட்டிருப்பார்கள். நீளமான காமிக்ஸுக்குக் கொரியாவில் பிறந்த வெப்டூன் வடிவம் இருக்கிறது. பக்கம் திருப்பாமல் கீழே கீழே தள்ளிப் படிப்பது, போனுக்கென்றே உருவானது. மின்வடிவில் விற்கும் ஓவியர்களிடம் பி.டி.எஃப். வாங்கினால் கூரியர் செலவே இல்லை. தேடும்போது 'காமிக்ஸ்' மட்டும் போடாமல் சித்திரக்கதை, படக்கதை, வரைகலை நாவல் என்றும் தமிழில் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் வேறு வேறு ஆட்கள் வருவார்கள்.

நான் ஏமாந்த கதையையும் சொல்ல வேண்டும். இணையத்தில் ஒரு கடையில் ஆவுளியா படம் போட்ட அச்சு ஒன்று வாங்கினேன். கடல் பசுவை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். மாட்டிய பிறகுதான் வாலைப் பார்த்தேன், துடுப்பு மாதிரி வட்டமாக இருந்தது. ஆவுளியாவுக்கு வால் திமிங்கலத்துக்கு இருப்பதுபோல இரண்டாகப் பிரிந்திருக்கும். வட்ட வால் மானாட்டிக்கு, அது நம் கடலில் இல்லாத உயிர். சந்தேகம் வந்து, படத்தைக் கொடுத்துத் தேடும் கூகுள் லென்ஸில் போட்டுப் பார்த்தால், வெளிநாட்டு ஓவியர் ஒருவரின் மானாட்டி படம் அது. கடை அதைத் திருடி, பெயரை மாற்றி விற்றிருந்தது. அந்த ஓவியருக்கு எழுதிச் சொன்னேன். சுவரிலிருந்தும் எடுத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு வாங்கும் முன் மூன்று சோதனை செய்கிறேன். படத்தை லென்ஸில் போட்டு முதலில் எங்கே வந்தது என்று பார்ப்பேன். ஓவியர் பெயர் இல்லாமல் கடை பெயர் மட்டும் இருந்தால் வாங்குவதில்லை. அந்த ஓவியரின் பழைய வேலைகளை இரண்டு மூன்று வருடம் பின்னால் போய்ப் பார்ப்பேன். மனிதக் கை மெதுவாகத்தான் மாறும், அந்த வளர்ச்சி கண்ணுக்குத் தெரியும். நேற்று ஆரம்பித்த பக்கத்தில் நூறு படம், நூறும் வேறு வேறு கை என்றால், அது இயந்திரம் உருவாக்கியதாக இருக்கலாம். சந்தேகமாக இருந்தால் "பென்சில் வரைவு இருந்தால் காட்டுங்களேன்" என்று மரியாதையாகக் கேளுங்கள். வரைந்தவர் சந்தோஷமாகக் காட்டுவார்.

நம் ஊர்ப் படத்துக்கு இன்னொரு சோதனையும் உண்டு. பாம்பன் பழைய ரயில் பாலம் 1914ல் வந்தது. அது ஓட்டத்தில் இருந்த காலத்தில், கப்பல் போகும்போது நடுப்பகுதி இரண்டு இலையாகப் பிரிந்து மேலே எழும்பியது. 2025ல் திறந்த புதுப்பாலத்தில் நடுப்பகுதி அப்படியே படுக்கை வசத்தில் செங்குத்தாக மேலே போகும். இரண்டையும் குழப்பி வரைந்திருந்தால் அவர் வந்து பார்க்கவில்லை என்று அர்த்தம். அதற்காக ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் வந்து, பார்த்து, வரைந்தவரின் படத்தில் வேறு ஏதோ ஒன்று கூடுதலாக இருக்கும்.

ஐந்தாம் படி: தமிழ்க் காமிக்ஸ்

நம் கரைக்குப் பக்கத்திலேயே காமிக்ஸ் ஊர் ஒன்று இருக்கிறது, சிவகாசி. முத்து காமிக்ஸ் 1972லும் லயன் காமிக்ஸ் 1984லும் அங்கே தொடங்கின. இன்றும் சந்தா கட்டினால் வீட்டுக்கு வருகிறது. பெரும்பாலும் ஐரோப்பியக் கதைகளின் மொழிபெயர்ப்பு. சுயாதீனத் தமிழ் ஓவியரைத் தேடுகிறவருக்கு இது எதற்கு என்று கேட்கலாம். காமிக்ஸை நிதானமாகப் படிக்கும் பழக்கத்தைத் தமிழில் வளர்த்தது அவர்கள்தான். தமிழில் சொந்தமாக வரையும் ஓவியர்களில் பலர் அதைப் படித்து வளர்ந்தவர்கள். சந்தாதாரர்களும் விடாப்பிடியான ரசிகர்கள். அவர்களில் ஒருவரைப் பிடித்தால் பத்து ஓவியர்களைச் சொல்வார்.

தமிழிலேயே எழுதி, தமிழிலேயே வரைந்த காமிக்ஸ் குறைவுதான், அதை மறைக்க வேண்டியதில்லை. அதனால் கிடைப்பதை விடாமல் வாங்கிவிட வேண்டும் என்பது என் கட்சி. முப்பது பிரதி, ஐம்பது பிரதி போடுவார்கள். அடுத்த மாதம் பார்க்கலாம் என்று விட்டால் போச்சு.

நேரில் பார்க்க, பொங்கலையொட்டி நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சி முதல் இடம். பெரிய அரங்குகளைத் தாண்டி, சிறு பதிப்பாளர்கள் இருக்கும் கடைசி வரிசைகளுக்கு நேராகப் போங்கள். மதுரையிலும், நம் மாவட்டத்திலும் புத்தகத் திருவிழா நடக்கிறது. சுயாதீனக் காமிக்ஸ் அங்கே மேஜை நிறைய இருக்காது. ஆனால் பதிப்பாளரிடம் நின்று, "இந்த அட்டை வரைந்தவர் தனியாக ஏதாவது போட்டிருக்கிறாரா?" என்று கேட்டால் பதில் கிடைக்கும். சில நேரம் அந்த ஓவியரே பின்னால் டீ குடித்துக்கொண்டு நிற்பார்.

காமிக்ஸ் படிக்கத் தெரியாது என்று சொல்லும் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. வசனத்தை மட்டும் படித்துக்கொண்டு ஓடாதீர்கள். முதல் தடவை படத்தை மட்டும் பாருங்கள், இரண்டாவது தடவை எழுத்தோடு. பதினாறு பக்கத்துக்குக் கால் மணி நேரம் கொடுக்கலாம்.

ஆறாம் படி: தாளும் மையும்

இது என் தொழில், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நாம் தினமும் புழங்கும் ஜெராக்ஸ் தாள் 75 ஜி.எஸ்.எம். அளவில் இருக்கும். ஜி.எஸ்.எம். என்றால் ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில். சுவரில் மாட்டும் படம் அதில் இருந்தால் மழைக்காலத்தில் அப்பளம் மாதிரி நெளியும். 250, 300 ஜி.எஸ்.எம். தாள் நிற்கும். விற்கிறவர் எத்தனை ஜி.எஸ்.எம். என்று போடவில்லை என்றால் கேளுங்கள். அமிலமில்லாத தாளா என்றும் கேளுங்கள். சாதாரணத் தாள் சில வருடத்தில் மஞ்சளாகிவிடும்.

அச்சு முறையைக் கண்டுபிடிக்க ஒரு சின்ன லென்ஸ் போதும். நகைக்கடைக்காரர் கண்ணில் வைத்துப் பார்ப்பாரே, அது மாதிரி. ஆஃப்செட் என்றால் சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்று நான்கு நிறப் புள்ளிகள் பூப்போலக் கூடியிருக்கும். திரை அச்சு என்றால் புள்ளியே இருக்காது, மை திட்டாக, தடிமனாகப் படிந்திருக்கும். விரலால் மெல்லத் தடவினால் மேடு தெரியும். என் மெஷின் மாதிரி டோனர் அச்சு என்றால் பொடியைச் சூடாக்கித் தாளின் மேலே ஒட்டியது. மடித்த இடத்தில் விரிசல் விட்டு வெள்ளைக் கோடு தெரியும். ஆகவே கறுப்பு நிறைந்த அட்டையை டோனரில் போட்டு மடிக்காதீர்கள் என்று வரைகிறவர்களிடம் சொல்வேன். இங்க்ஜெட்டில் இரண்டு வகை உண்டு. சாய மை தண்ணீர் பட்டால் ஓடும், வெயிலில் வெளுக்கும். நிறமி மை விலை கூட, ஆனால் ரொம்ப நாள் நிற்கும்.

ரைசோகிராஃப் என்று அடிக்கடி காதில் விழும். ஜப்பானிய மெஷின். வெளியிலிருந்து பார்த்தால் ஜெராக்ஸ் மெஷின் மாதிரியே இருக்கும், உள்ளே நடப்பது வேறு. ஒரு ஸ்டென்சில் தாளில் நுணுக்கமாகத் துளை போட்டு, மை நிறைந்த உருளையில் சுற்றி, அதன் வழியே மையைத் தாளில் இறக்கும். ஒரு உருளைக்கு ஒரு நிறம். இரண்டு நிறம் வேண்டுமென்றால் தாள் இரண்டு தடவை ஓட வேண்டும். அதனால் நிறங்கள் ஒரு மயிரிழை விலகி உட்காரும், ஒன்றின் மேல் ஒன்று படிந்து மூன்றாவது நிறமும் வரும். அந்த விலகல்தான் அதன் அழகு, அச்சுப் பிழை என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள். மை தாளுக்குள் ஊறுகிற வகை என்பதால் விரலில் கொஞ்சம் ஒட்டும். வழுவழுத் தாளில் நிற்காது.

மூலையில் பென்சிலில் 12/50 என்று இருந்தால், ஐம்பது பிரதி போட்டதில் இது பன்னிரண்டாவது. எண் சின்னதாக இருந்தால் ஒசத்தி என்று கிடையாது. ஐம்பதுக்கு மேல் போட மாட்டேன் என்று ஓவியர் கொடுத்த வாக்கு அது.

ஏழாம் படி: பொருள் வாங்கும்போது

பொருளில் படம் போடுவதைக் கீழான வேலை என்று நினைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று 1966ல் சென்னைக்குப் பக்கத்தில் உருவான சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில், பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்ற காசில்தான் ஓவியர்கள் தங்கள் ஓவியத்தைக் காப்பாற்றிக்கொண்டார்கள். இன்றைக்கு ஒரு ஓவியர் ஸ்டிக்கர் விற்பதும் அதே காரணத்துக்குத்தான். பெரிய அச்சு வாங்க வசதி இல்லையென்றால் ஒரு அஞ்சலட்டை வாங்குங்கள். அதுவும் ஆதரவுதான்.

துணிப்பை, பனியனில் திரை அச்சு பல சலவை தாங்கும். ஸ்டிக்கர் என்றால் நம் உப்புக்காற்றுக்கு வினைல் வாங்குங்கள். காகித ஸ்டிக்கர் பைக்கில் ஒட்டினால் ஒரு மழைக்குத் தாங்காது.

ராமேஸ்வரம் கடைத்தெருவில் நடக்கும்போது ஒன்று கவனம். பவளம், கடல்குதிரை, கடல் விசிறி, சில சங்கு வகைகள் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. வாங்குவதும் குற்றம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றி இருக்கும் பவளத்தை உடைத்து மேஜையில் வைப்பதைவிட, அந்தப் பவளத்தை உட்கார்ந்து வரைந்த ஒரு பிள்ளையின் அஞ்சலட்டையை ஊருக்கு வாங்கிப் போங்கள். வருகிற விருந்தாளிகளுக்கு நான் இப்போது அதைத்தான் கொடுக்கிறேன். கூடவே ஒரு பனையோலைப் பெட்டி. அட்டைகளைப் போட்டுக் கொடுக்க அதைவிட நல்ல உறை இல்லை.

எட்டாம் படி: நம் ஊருக்கு வரவழைப்பது

ஓவியரின் சொந்தப் பக்கத்தில் வாங்கும் வசதி இருந்தால் அங்கேயே வாங்குங்கள், நடுவில் யாருக்கும் பங்கு போகாது. தீவுப் பக்கம், உள்கிராமம் என்றால் எல்லாத் தனியார் கூரியரும் வாசல் வரை வருவதில்லை. வேக அஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள், தபால்காரருக்கு நம் வீடு தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் வாங்கினால் "பிளாஸ்டிக் கவரில் போட்டு அட்டைக்கு நடுவில் வைத்து அனுப்புங்கள்" என்று ஒரு வரி சேர்க்கவும். பெரிய படத்தைச் சுருட்டிக் குழாயில் அனுப்புவார்கள். வந்ததும் ஒரு நாள் தட்டையாக விரித்து, மேலே வெள்ளைத்தாள், அதன் மேல் கனமான புத்தகம். நான்கு பேர் சேர்ந்து ஒரே பார்சலாக வாங்கினால் செலவு பிரியும். வெளிநாட்டிலிருந்து வந்தால் சுங்க வரி சேரலாம் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

எழுதக் கூச்சப்படாதீர்கள். இப்படி எழுதினால் போதும்: "வணக்கம். நான் ராமநாதபுரத்தில் இருக்கிறேன். உங்களுடைய மழைப் படத்தில் அந்த நனைந்த நாய் எனக்கு ரொம்பப் பிடித்தது. அச்சாகக் கிடைக்குமா? விலை, அஞ்சல் செலவு சொல்லுங்கள்." எந்தப் படம், அதில் எது பிடித்தது என்று சொல்வது முக்கியம். விலையில் பேரம் பேசாதீர்கள். மீன் ஏலத்தில் பேசலாம், இங்கே வேண்டாம்.

வாங்கிய படத்தின் தாள்தான் உங்களுடையது, படத்தின் உரிமை வரைந்தவருடையது. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி அவர் காலத்துக்குப் பிறகும் 60 ஆண்டுகள் அது நிற்கும். என் கடைக்குப் போனில் படத்தைக் காட்டி "இதை பனியனில் போடணும்" என்று வருவார்கள். "யார் வரைந்தது, கேட்டீர்களா?" என்பேன். சிலர் கோபித்துக்கொண்டு போவதுண்டு. சிலர் அங்கேயே நின்று ஓவியருக்குச் செய்தி அனுப்பி, அனுமதி வாங்கியதும் உண்டு. கல்யாணப் பத்திரிகைக்கோ கடைக்கோ புதிதாக வரையச் சொன்னால், அளவு, நாள், எத்தனை திருத்தம், எங்கெல்லாம் பயன்படுத்துவோம் என்று எழுத்தில் பேசிக்கொண்டு, பாதிப் பணம் முன்னால் கொடுங்கள்.

ஒன்பதாம் படி: உப்புக்காற்றில் காப்பாற்றுவது

சென்னைக்காரர் எழுதும் குறிப்பில் இது இருக்காது. காமிக்ஸின் நடுவில் அடித்திருக்கும் ஸ்டேப்ளர் பின், கடலோரத்தில் ஒரே வருடத்தில் துரு ஏறும். துரு தாளில் ஊறிப் பழுப்புக் கறை பரவும், அப்புறம் நடுப்பக்கம் பொத்துக்கொண்டு வரும். புத்தகம் வந்ததும் பின்னை எடுத்துவிட்டு நூலால் தைத்துவிடுகிறேன். மடிப்பில் மேலே, நடுவில், கீழே மூன்று துளை. ஊசி உள்ளிருந்து நடுத்துளை வழியே வெளியே வரட்டும். மேல்துளையில் உள்ளே போகட்டும். உள்பக்கமாகவே நீளமாக ஓடிக் கீழ்த்துளையில் வெளியே. திரும்ப நடுத்துளையில் உள்ளே. அந்த நீளத் தையலை நடுவில் பிடித்து இரண்டு முனையையும் முடிச்சுப் போடுங்கள். ஐந்து நிமிட வேலை, வலை பின்னத் தெரிந்த வீட்டில் இரண்டு நிமிடம்.

சட்டம் போடும்போது படம் கண்ணாடியைத் தொடக்கூடாது. நடுவில் அட்டை விளிம்பு வைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும். மேற்கு வெயில் அடிக்கிற சுவரும், கடலைப் பார்த்த ஜன்னலுக்கு எதிர்ச்சுவரும் வேண்டாம். செருப்பு டப்பாவில் வரும் சிலிக்கா பொட்டலத்தைத் தூக்கிப் போடாமல் அலமாரியில் போடுங்கள். ஓலைச்சுவடிக்கு வசம்பு வைத்தவர்கள் நம் முன்னோர். பூச்சிக்கு நானும் அதைத்தான் துணியில் முடிந்து வைக்கிறேன். மழை விட்டதும் ஒரு நாள் எல்லாவற்றையும் எடுத்து, நிழலில் காற்றாட விரித்து வையுங்கள்.

பத்தாம் படி: மற்றவர்களுக்குக் காட்டுவது

கடையில் ஒரு கயிறு கட்டித் துணிக் கிளிப்பில் சின்னப் புத்தகங்களைத் தொங்கவிட்டிருக்கிறேன். நகலுக்குக் காத்திருக்கிறவர்கள் எடுத்துப் புரட்டுவார்கள். ஒவ்வொன்றின் கீழும் ஓவியர் பெயரும் எப்படி வாங்குவது என்பதும் ஒரு சீட்டில் இருக்கும். டீக்கடை, முடிதிருத்தகம், டியூஷன் சென்டர் எங்கே வேண்டுமானாலும் இதைச் செய்யலாம். பள்ளிக்கூடத்து ஓவிய ஆசிரியர் ஒருவரைச் சேர்த்துக்கொண்டால் இன்னும் நல்லது. எந்தப் பிள்ளை நோட்டின் கடைசிப் பக்கத்தில் வரைகிறது என்று அவருக்குத்தான் தெரியும்.

வரைகிற பிள்ளை உங்கள் வீட்டிலேயே இருந்தால் ஒரு கணக்கு: நான்கு ஏ4 தாள், இரண்டு பக்கமும் அச்சு, நடுவில் மடித்தால் பதினாறு பக்கப் புத்தகம். முதல் பக்கமும் பதினாறாம் பக்கமும் ஒரே தாளில் அருகருகே வரும், இரண்டாவதும் பதினைந்தாவதும் அதன் முதுகில். வெறுந்தாளை மடித்து எண் போட்டுப் பார்த்துவிட்டு வரைய ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.

பாம்பன் பிள்ளை போன மாதம் மூன்றாவது புத்தகத்தோடு வந்தாள். இந்த முறை ஸ்டேப்ளர் பின் அடிக்க வேண்டாம், நூல்தான் என்று சொல்லி, தானே தைத்துக்கொள்ள உட்கார்ந்துவிட்டாள். பின்னட்டையில் வரைந்தது என்று அவள் பெயர், நகல் என்று என் கடைப் பெயர். அதற்குக் கீழே, 'விரலில் துணி சுற்றக் காட்டிக்கொடுத்தவர்' என்று எழுதி, அம்மாச்சியின் பெயரை முழுதாகப் போட்டிருந்தாள். ஐம்பது காப்பி கேட்டாள். அறுபது ஓட்டினேன், பத்தைக் கயிற்றில் மாட்டினேன்.